பிள்ளைகளின் பல்லும் ஈறும்: வயலிலும் வீட்டிலும் செய்ய வேண்டியவை

(பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பருத்தியில் காய்ப்புழு பற்றியோ, சின்ன வெங்காயத்தில் நுனிக் கருகல் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். உழவியல் படித்தவனுக்குப் பல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு என் வீட்டில் நடந்ததையே முதலில் பதிலாகச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு என் மகளுக்கு ஏழு வயது. கீழ்த்தாடையில் கடைசிப் பல்லில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. "பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும்" என்று இருந்துவிட்டேன். சில மாதங்களில் இரவில் வலி தாங்காமல் அழத் தொடங்கினாள். ஊரில் இருந்த ஒரு பாட்டி, "பல்லுல பூச்சி விழுந்திருக்கு தம்பி. கண்டங்கத்திரி விதையைப் புகை புடிச்சா உதிர்ந்துடும்" என்றார். அதையும் செய்தோம். கன்னம் வீங்கிய பிறகுதான் பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "இது பால் பல் இல்லை சார். ஆறு வயதில் முளைத்த நிலைப் பல். போனால் போனதுதான்" என்றார். அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. பயிருக்கு வரும் பூச்சியை முட்டைப் பருவத்திலேயே கண்டறியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லுகிற நான், என் வீட்டுப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கத் தவறிவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இன்று இதைப் பேசுகிறேன்.

பல் எப்போது உருவாகிறது?

பால் பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். ஆனால் அவை உருவாவது தாயின் வயிற்றில். கருவுற்ற நான்காம் மாத அளவிலேயே பால் பல்லில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. ஆறு வயதில் வரும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் குழந்தை பிறக்கும் சமயத்திலேயே ஈறுக்குள் கட்டத் தொடங்கிவிடுகிறது.

இதை நம் தொழில் வழியாகச் சொன்னால் எளிதில் விளங்கும். கருவுற்ற தாயும் சிறு குழந்தையும் உண்ணும் உணவு பல்லுக்கு அடியுரம் போன்றது. பல் முளைத்து வெளியே வந்தபின், அதன் மேலோடாகிய எனாமல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ள இயலாது. அதன்பின் நாம் செய்வதெல்லாம் பயிர்ப் பாதுகாப்பு மட்டுமே. அடியுரத்தைத் தவறவிட்டால் பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். ஆறு வயதில் வரும் அந்தக் கடைவாய்ப்பல் எந்தப் பால் பல்லும் விழாமலேயே, இருக்கின்ற பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. அதனால்தான் பெற்றோர் அதையும் பால் பல் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

பல்லில் பூச்சி உண்டா?

சொத்தைப் பல்லைப் 'பூச்சிப் பல்' என்கிறோம். பல்லில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கும்போது வெள்ளையாக விழுவது என்ன என்று கேட்பீர்கள். சூட்டில் விதை வெடித்து, உள்ளே சுருண்டிருக்கும் முளைக்கரு வெளியே வருகிறது. அதுவே புழு போலத் தோன்றுகிறது. ஐரோப்பாவிலும் முற்காலத்தில் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையைப் புகைத்து இதே போல நம்பி வந்தார்கள். புகையால் வாய் வெந்து போவதும், மருத்துவம் தள்ளிப் போவதுமே இதில் கண்ட பலன்.

உண்மையில் நடப்பது இதுதான். வாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் உண்ணும் இனிப்பை அவையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. மண்ணுக்குக் கார அமில நிலை பார்ப்பது போல வாய்க்கும் உண்டு. அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மாற்றிச் சரிசெய்கிறது. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மறுபடியும் ஒரு மிட்டாய், இன்னொரு பிஸ்கட் என்று பிள்ளை தின்றுகொண்டே இருந்தால், வாய் நாள் முழுவதும் அமில நிலமாகவே இருக்கும்.

ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதை விட, எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே முக்கியம். வெல்லமும் கருப்பட்டியும் இயற்கையானவை, அவற்றால் கேடில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பல்லைப் பொறுத்தவரை அவையும் இனிப்பே. கடலை மிட்டாய் கொடுப்பதானால் சாப்பாட்டை ஒட்டி ஒரே வேளையில் கொடுத்துவிட்டு, வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இடைத்தீனிக்கு அவித்த நிலக்கடலை, வேகவைத்த மக்காச்சோளக் கதிர், சுண்டல், தேங்காய்த் துண்டு, கொய்யா ஆகியவை சிறந்தவை. இவற்றில் பலவும் நம் வயலிலேயே கிடைக்கின்றன.

பால் புட்டியில் சர்க்கரைப் பாலை ஊற்றி, அதை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைப்பது பெருங்கேடு. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். பால் பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். முன் பற்கள் கருத்துப் பொடிவது பெரும்பாலும் இதனால்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. பல் முளைக்கும் முன்பே, சுத்தமான மெல்லிய துணியை நீரில் நனைத்து ஈறைத் துடைத்துவிடப் பழக்குங்கள்.

அடியுரம்: உணவு

பல்லுக்கும் எலும்புக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் கேழ்வரகுக்கு இணையான தானியம் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 முதல் 360 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். கேழ்வரகை இரவு ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் அதிலுள்ள சத்து உடலில் மேலும் நன்றாகச் சேரும். அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, பால், மோர், எள் ஆகியவற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இது உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்குப் பிள்ளைகள் நாள்தோறும் வெயிலில் ஓடி விளையாடினால் நல்லது.

ஈறுக்கு வேண்டியது வைட்டமின் சி. இது குறைந்தால் ஈறு வீங்கும், இரத்தம் கசியும், பல் ஆடும். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், இந்நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினார்கள். நாம் வயலில் போடும் ஒப்பீட்டுச் சோதனைத் திடல் போன்றதே அது. நமக்குக் கப்பலும் வேண்டாம், ஆரஞ்சும் வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. நெல்லியில் அதைவிடவும் மிகுதி. வேகவைத்தால் இச்சத்து குறையும். ஆகவே கொய்யாவைப் பச்சையாகத் தின்னக் கொடுங்கள். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழியுங்கள். முருங்கைக்கீரையை நெடுநேரம் வேகவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: புளிப்பான பொருள்களை நாள் முழுதும் வாயில் அடக்கிச் சப்பினால் அந்தப் புளிப்பே எனாமலைக் கரைக்கும். நெல்லிக்காய் தின்றதும் வாய் கொப்பளிக்க வேண்டும். உடனே பல் துலக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

ஐந்து சென்ட் போதும்

மக்காச்சோளமும் பருத்தியும் நிறைந்த நம் பகுதியில் வீட்டுக்கென்று பயிரிடுவது குறைந்துவிட்டது. பணப்பயிரை விடச் சொல்லவில்லை. கிணற்றுப் பாசனமுள்ளவர்கள் மார்கழிப் பட்டத்தில் ஐந்து சென்ட் மட்டும் கேழ்வரகுக்கு ஒதுக்குங்கள். 18 முதல் 20 நாள் நாற்றாக நடலாம். ஏக்கருக்கு 1,000 கிலோ விளைச்சல் என்று கணக்கிட்டால் ஐந்து சென்டில் 50 கிலோ கிடைக்கும். ஒரு சிறு குடும்பத்துக்கு வாரம் ஒரு கிலோ வீதம் ஓராண்டுக்கு ஏறக்குறையப் போதும்.

வெங்காய வயலின் வரப்பில் அகத்தியைப் போடும் வழக்கம் நமக்குப் பழக்கமானதே. வீட்டுக் கழிவுநீர் போகும் இடத்தில் பி.கே.எம். 1 முருங்கை இரண்டு மரம் வையுங்கள். செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கீரை மிகுதியாகக் கிடைக்கும். ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை இருந்தால் ஈறுக்கான மருந்து கொல்லையிலேயே இருக்கிறது.

ஆலும் வேலும் வேம்பும்

ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்துச் சொன்ன பழமொழி உங்களுக்குத் தெரியும். அதில் வேல் என்பது நாட்டுக் கருவேலம். நம் கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆலம் விழுதிலும் கருவேலம் பட்டையிலும் துவர்ப்புச் சத்து உள்ளது. தோல் பதனிடப் பயன்படுவதும் அதே சத்துதான். அது ஈறை இறுகச் செய்கிறது. வேம்பின் கசப்புச் சத்துகள் நுண்ணுயிர்களின் பெருக்கத்தைக் குறைக்கின்றன. இவற்றை விடவும் முக்கியம், மென்ற நுனியின் நார் பல்லில் படிந்த அழுக்கைத் தேய்த்து எடுப்பது.

குச்சியைப் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன்.

1. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும், பெரியவர் கண்பார்வையில் கொடுக்கவும். வாயில் குச்சியுடன் ஓடவிடக் கூடாது.

2. பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த இளங்குச்சியாக இருக்கட்டும். நன்கு கழுவி, நுனியை மென்று நார் மெதுவாக ஆன பிறகே தேய்க்க வேண்டும்.

3. மேல் பல்லை ஈறிலிருந்து கீழாகவும், கீழ்ப் பல்லை ஈறிலிருந்து மேலாகவும் தேய்க்க வேண்டும். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு விலகும்.

4. ஒருவர் பயன்படுத்திய குச்சியை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. மறுநாளுக்கு எடுத்து வைக்கவும் கூடாது.

5. இதை மிகவும் கவனியுங்கள். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து தெளிக்கும் காலத்தில் வயலோர வேம்பில் குச்சி ஒடிக்காதீர்கள். காற்றில் அடித்து வரும் மருந்து இலையிலும் குச்சியிலும் படிந்திருக்கும். பிள்ளைக்குக் குச்சி வேண்டுமானால் வயலை விட்டு விலகிய மரத்தில் ஒடியுங்கள்.

வேப்பங்குச்சி வேறு, வேப்பெண்ணெய் வேறு. பச்சைக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவது உயிருக்கே ஆபத்து. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வலிப்பும் மயக்கமும் கண்ட செய்தி மலேசியாவிலிருந்து 1981-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. கிராம்புத் தைலமும் அப்படியே. பெரியவர்களுக்குச் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும். சிறு குழந்தை விழுங்கினால் நஞ்சாகும்.

ஈறு வீங்கியிருந்தால் ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிக்கலாம். துப்பத் தெரிந்த வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது பெரியவர்களோடு இருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்குப் புரையேறும்.

உமிக்கரி வேண்டாம்

உமிக்கரி, அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், மணல் இவற்றால் துலக்கினால் பல் வெளுப்பது உண்மை. ஆனால் என்ன விலை கொடுத்து? நெல் உமியின் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா என்னும் மணற்சத்து. அதுதான் நெற்பயிருக்கு உறுதியைத் தருவது. அந்த மணற்சத்தும் செங்கல் தூளிலுள்ள மணலும் சாணைக்கல் போல எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. புகையிலை கலந்த பற்பொடியைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது. வலிக்கிற பல்லில் மண்ணெண்ணெய், எருக்கம்பால், புகையிலை வைப்பதும் வாயைப் புண்ணாக்கும் செயல்களே.

இயற்கை வழிகள் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றே உண்மையாகச் சொல்வேன். வேப்பங்கொட்டைக் கரைசலும் வேண்டும், தேவைப்படும் நேரத்தில் மற்ற முறைகளும் வேண்டும் என்று ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பில் சொல்கிறோம் அல்லவா? இங்கும் அதுவே. புளோரைடு கலந்த பற்பசை சொத்தையைத் தடுக்கும் என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட உண்மை. மூன்று வயது வரை ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். காலையிலும், மிக முக்கியமாக இரவு படுக்கும் முன்னும் துலக்க வேண்டும். எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று துலக்கிவிடுவது நல்லது.

குடிநீரைச் சோதியுங்கள்

அளவோடு இருந்தால் காக்கும் புளோரைடு, அளவு மிஞ்சினால் கெடுக்கும். நுண்ணூட்டம் பயிருக்கு அளவு மீறினால் நஞ்சாவதைப் போன்றது இது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது, 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மிகுந்தால், உருவாகிவரும் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் படியும். நெடுங்காலம் குடித்தால் எலும்பும் கெடும். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவரது உடன் பணியாளர்களும் பதிவு செய்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களை இக்கேட்டிலிருந்து மீட்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

பச்சைமலை அடிவாரத்திலுள்ள இப்பகுதி கடினப்பாறை நிலம். இத்தகைய நிலங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் பாறையிலிருந்து புளோரைடு கரைந்து வர வாய்ப்பு உண்டு. பயிருக்கு நீரைச் சோதிக்கக் கொடுப்பவர்கள், பிள்ளை குடிக்கும் நீரையும் ஒருமுறை சோதிக்கக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

வாரம் ஒரு நாள் வயலைச் சுற்றுவது போல

முடிவாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒரு நாள் பிள்ளையை வெயில் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறந்து பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால், அது சொத்தையின் முதல் அறிகுறி. அந்த நிலையில் இனிப்பைக் குறைத்து, ஒழுங்காகத் துலக்கினால் பல்லை மீட்டுவிடலாம். பழுப்பாகவோ கருப்பாகவோ குழி தெரிந்தால் காத்திராமல் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பால் பல்லானாலும் காட்டுங்கள்; அது நிலைப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவினர் பல்லையும் பார்ப்பார்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டை வீட்டில் சொருகி வைத்துவிடாதீர்கள். காய்ச்சலோடு கன்னம் வீங்கினால் அன்றைக்கே கொண்டு செல்லுங்கள்.

என் மகள் இன்றும் அந்தப் பக்கம் மெல்லுவதில்லை. முறுக்கைக் கூட மறுபக்கம் ஒதுக்கித்தான் கடிக்கிறாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது. அவள் தம்பிக்கு இப்போது ஐந்து வயது. ஞாயிறுதோறும் காலையில் திண்ணையில் உட்கார வைத்து அவன் வாயைப் பார்க்கிறேன். கடைவாய்ப் பல் இன்னும் வரவில்லை. வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விவசாயப் பெருமக்களே, இன்று மாலை வீடு திரும்பியதும் விளக்கு வைக்கும் முன் உங்கள் பிள்ளைகளின் வாயை ஒருமுறை திறந்து பாருங்கள். ஐந்து சென்ட் கேழ்வரகும், இரண்டு முருங்கையும், ஒரு கொய்யாவும் வைத்துப் பயனடையுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.